பாஷை புரியாதவள்

வால்போனா கிரேக்கத்திலுள்ள தெசலோனிக்கி நகருக்கு வந்த புதிதில் ஒரு நாள் மத்தியானம், பால்கனிக் கம்பியில் கம்பளத்தைப் போட்டுத் தடியால் அடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று திறந்தது. அப்புறம் அதற்கு மேல்மாடி ஜன்னல். பனியனோடு ஒரு பெரியவர் வெளியே வந்து நின்று, ஐந்து விரலையும் விரித்து அவள் பக்கமாக நீட்டி ஏதோ கத்தினார். புதிதாகக் குடிவந்தவளை வரவேற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, அவளும் ஐந்து விரலையும் விரித்துச் சிரித்தபடி கையை ஆட்டினாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அவள் புருஷன் பெத்ரித் இதைக் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"கையை விரிச்சுக் காட்டினா நாசமாப் போன்னு அர்த்தம்டி இங்க. மத்தியானம் சாப்பிட்டா இந்த ஊரே தூங்கும். அந்த நேரத்துல போயி கம்பளம் தட்டியிருக்க. போதாததுக்கு நீயும் திருப்பிக் காட்டியிருக்க!"

"எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னாத்தானே?"

"யாரு சொல்லுவா? எனக்கும் இப்படித்தான், வாங்கிக் கட்டிக்கிட்டுத் தெரிஞ்சுது."

அல்பேனியாவில் சீட்டுக் கம்பெனிகளெல்லாம் ஒரே குளிர்காலத்தில் கவிழ்ந்து, வீட்டை விற்றவர்களும் மாட்டை விற்றவர்களும் ஒன்றாகத் தெருவுக்கு வந்த வருஷம் அது. பெத்ரித் அதற்கு முன்பே மலை வழியாக நடந்து எல்லை தாண்டிக் கட்டட வேலைக்கு வந்திருந்தான். இங்கே அவன் பெயர் பெத்ரோஸ். மேஸ்திரிதான் அப்படி வைத்தார். மறுநாள் வேலை நிச்சயம் என்றால் என்ன பெயர் வைத்தால் என்ன என்று அவனும் தலையாட்டிவிட்டான்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எவாந்தியாவின் தையல்கடை இருந்தது. புதுத்துணி தைக்கிற கடையில்லை. காற்சட்டைக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்தும் பெருத்தவர்களுக்குப் பிரித்துவிட்டும் கொடுப்பது, இதுதான் வேலை. ஒரு நாள் பெத்ரித்தின் கிழிந்த சட்டையோடு போய், ஊசி வேண்டும் என்று வால்போனா சைகையில் கேட்டாள். ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மாள் ஊசியைக் கொடுக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரவைத்து, காப்பி போட்டுக் கொடுத்து, சுவரில் மாட்டியிருந்த ஒரு மனிதரின் படத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தாள். பேசப்பேசக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வால்போனாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சும்மா இருந்தால் மரியாதையில்லையே என்று, "போ, போ, போ" என்றாள். அவள் பாஷையில் அதற்கு ஆமாம், ஆமாம் என்று அர்த்தம். கிரேக்கத்தில் அதுவே "ஐயையோ, ஐயையோ" என்றாகும்.

எவாந்தியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொந்தத் தங்கைகூடப் புருஷன் போன துக்கத்தை இப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை என்று அன்றைக்கே நாலு பேரிடம் சொன்னாளாம்.

இப்படித்தான் அந்தச் சிநேகம் தொடங்கியது. ஊசி கேட்கப் போனவள் அடுத்த வாரமே பொத்தான் தைத்தாள், ஒரு மாதத்தில் இரண்டாவது மிஷினில் உட்கார்ந்தாள். கிரேக்கமும் அங்கேயே, துணிக்குத் துணி, வாடிக்கைக்காரிக்கு வாடிக்கைக்காரி, வாயில் ஏறியது. எவாந்தியாவை மரியாதையாகக் கிரியா, அதாவது அம்மா, என்று கூப்பிடக் கற்றாள். முதலில் நிறங்கள், அப்புறம் உடம்பின் பாகங்கள், அப்புறம் வம்பு.

ஓரளவு பேச வந்த பிறகு எவாந்தியா ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பொண்ணே, தப்பா நெனக்காத. உங்க வீட்டுச் சொந்தக்காரர் என்கிட்டக் கேட்டாரு. நீங்க அங்க குடியிருக்கிற நம்ம கிரேக்க ஜனம்தானே? அல்பேனியாக்காரங்க இல்லையே?"

கேட்கும்போது அவள் முகத்தில் கோபமில்லை. 'இல்லை' என்று சொல்லிவிடு, நிம்மதியாக இருக்கலாம் என்கிற கெஞ்சல்தான் இருந்தது. அந்த நாட்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் திருட்டு, கொள்ளை, எல்லாவற்றுக்கும் அல்பேனியாக்காரன்தான். தங்க அனுமதிக் காகிதமில்லாதவர்களைப் போலீஸ் வளைத்துப் பேருந்தில் ஏற்றி எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வளைப்புக்குத் துடைப்பம் என்று பெயர். "துடைப்பம் வருது" என்றால் பெத்ரித்தும் அவன் கூட்டாளிகளும் சாரத்திலிருந்து குதித்து ஓடுவார்கள்.

"ஆமா கிரியா, நம்ம ஜனம்தான்" என்றாள் வால்போனா. "அங்க பள்ளிக்கூடத்துல நம்ம பாஷை சொல்லித்தரல. அதான் எனக்குச் சரியா வரல."

"அதானே பார்த்தேன்! நான் சொல்லிட்டேன் அவர்கிட்ட, அந்தப் பொண்ணுக்கு நான் பொறுப்புன்னு."

வீடு நிலைத்தது. வால்போனா என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று எவாந்தியாவே வர்வாரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். டிசம்பரில் வர்வாராப் புனிதையின் நாள் வந்தபோது, "உன் பேரு நாளு" என்று கோதுமையும் உலர்பழமும் போட்டுக் கஞ்சி காய்ச்சி, மேலே இலவங்கப்பட்டைப் பொடியைத் தூவிக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் வால்போனாவுக்கு ருசி பிடிபட்டுவிட்டது. அவள் வீட்டில் வருஷா வருஷம் ஹஷூரே என்று காய்ச்சி அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பும் அதே கஞ்சி. அவள் பிறந்தது முஸ்லிம் குடும்பத்தில்.

"எப்படி இருக்கு?"

"இப்பத்தான் முதல் தடவையா சாப்பிடுறேன், கிரியா. ரொம்ப நல்லாருக்கு."

எவாந்தியாவுக்கும் ஒரு கதை இருந்தது. அவளுடைய அம்மா சின்னப் பெண்ணாகத் துருக்கியிலிருந்து அகதிக் கப்பலில் வந்து இறங்கியவள். கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனால் வீட்டில் பேசியது துருக்கி. தெசலோனிக்கியில் ரொட்டிக்கடை வரிசையில் நின்று, தெரிந்த ஒரே பாஷையில் ரொட்டி கேட்டபோது, வரிசையே திரும்பிப் பார்த்து "துருக்கி வித்து" என்று சிரித்ததாம். அதற்குப் பிறகு அம்மா வெகுநாள் கடைக்குப் போய் வாயே திறக்கவில்லை, விரலால்தான் காட்டுவாள் என்று எவாந்தியா சொல்லுவாள். வால்போனா "போ, போ, போ" என்பாள். இப்போது அதைக் கிரேக்க அர்த்தத்திலேயே சொன்னாள்.

இந்தக் கதையைக் கேட்ட எத்தனையோ சமயங்களில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்ததும் உண்டு. நாளைக்குச் சொல்லலாம், ஈஸ்டர் போகட்டும், வீட்டு ஒப்பந்தம் புதுப்பித்துவிடட்டும் என்று அது தள்ளிக்கொண்டே போயிற்று.

அவள் வந்த இரண்டாம் வருஷம் மே மாதத்தில் ஒரு மத்தியானம். தெருவில் கடைகளெல்லாம் அடைத்தாகிவிட்டது. எவாந்தியாவும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தாள். ஃபோதினி என்ற வாடிக்கைக்காரிக்கு மறுநாள் கல்யாணம் ஒன்றுக்குப் போகவேண்டும் என்பதால், அவளை மட்டும் முக்காலியில் ஏற்றி நிறுத்தி, கவுனின் ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார்கள். ஃபோதினியின் வாய்க்கு மத்தியானத் தூக்கமெல்லாம் கிடையாது.

"எங்க தெருவுல ரெண்டு வீட்டுல பூட்டை உடைச்சிருக்கானுங்க. வேற யாரு? அவனுங்கதான். ஒருத்தனை உள்ள விட்டா ஒம்பது பேரைக் கூட்டிட்டு வருவான். உன் கடைப் பொண்ணு அந்தப் பக்கத்துக்காரிதானே எவாந்தியா, அவளைக் கேளு, அவனுங்க எப்படின்னு அவ சொல்லுவா."

"வர்வாரா நம்ம ஜனம்" என்றாள் எவாந்தியா, வாயில் ஊசியைக் கடித்தபடி.

"அதைத்தான் சொல்றேன். அவளுக்குத்தானே தெரியும்!"

வால்போனா தலையைத் தூக்கவில்லை. அவசரமாகக் குத்தியதில் ஒரு குண்டூசி நகக்கண்ணில் ஏறிவிட்டது. அந்த வலியில், அவளையறியாமல், தாய்ப்பாஷையில் "ஐயோ, என் தலையெழுத்தே!" என்று வந்துவிட்டது. மற்ற இருவருக்கும் அது வெறும் முனகல். ஆனால் பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே நடந்துபோன இரண்டு கால்கள் நின்றன. ஒரு பெண் குனிந்து உள்ளே வந்தாள்.

சின்ன வயது. வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். தலைமுடி வியர்வையில் நெற்றியில் ஒட்டியிருந்தது. மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தரையில் முட்டிபோட்டிருந்த வால்போனாவிடம் நேராக வந்தாள்.

"அக்கா, நீங்க நம்ம ஊரா? உங்க கொரல் கேட்டுச்சு. ஆண்டவன் புண்ணியம். அக்கா, என் வீட்டுக்காரரு சாரத்துலேருந்து விழுந்துட்டாராம். கூட வேலை செய்யுற ஆளு ஒருத்தன் வந்து ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு ஓடிட்டான், அவனுக்குக் காகிதமில்ல. எந்த ஆஸ்பத்திரின்னு பேரு சொன்னான், அது என் வாயில நிக்கல. கொஞ்சம் யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லுங்கக்கா. ஒரு போன் போட்டாப் போதும்."

ஒரு சொல் விடாமல் வால்போனாவுக்குப் புரிந்தது. பேச்சின் இழுப்பைக் கேட்டதுமே பெராத் பக்கத்துக்காரி என்றுகூடத் தெரிந்துவிட்டது. முக்காலியின் மேல் ஃபோதினி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். எவாந்தியா வாயிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு, "என்ன சொல்றா இவ? என்ன பாஷை?" என்று கேட்டாள்.

வால்போனா அந்தப் பெண்ணைப் பார்த்துக் கிரேக்கத்தில் சொன்னாள்: "தென் கதலவேனோ." எனக்குப் புரியவில்லை.

"அக்கா, இப்பத்தானே நீங்க..."

"தென் கதலவேனோ."

"பயந்து கெடக்கா பாவம்" என்றாள் எவாந்தியா. "அவங்க பாஷையா இருந்தா உனக்குக் கொஞ்சமாவது தெரியுமே பொண்ணே?"

"இது வேற என்னமோ, கிரியா. எனக்குத் தெரியல."

"பிச்சைதான், வேறென்ன" என்றாள் ஃபோதினி. "பையைப் பார்த்துக்கோ எவாந்தியா."

அந்தப் பெண் இன்னும் ஒரு கணம் நின்றாள். வால்போனாவின் வாயையே பார்த்தாள், அதிலிருந்து இன்னொரு முறை அந்தச் சத்தம் வராதா என்பதுபோல. பிறகு ஷட்டருக்கடியில் குனிந்து வெளியே போய்விட்டாள்.

இந்த ஓரத்தைக் குத்தி முடித்ததும் ஓடவேண்டும் என்று வால்போனா நினைத்தாள். ஃபோதினி இடது பக்கம் இறங்கியிருக்கிறது என்றாள். பிரித்துக் குத்தினார்கள். அப்புறம் வலது பக்கம் தூக்கியிருக்கிறது என்றாள். கடைசியில், "பொத்தான் வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வால்போனா வெளியே ஓடினாள். இந்த நேரத்தில் எந்தப் பொத்தான் கடை திறந்திருக்கும் என்று எவாந்தியா பின்னாலிருந்து கேட்டது காதில் விழுந்தது. தெருவில் ஈ காக்காய் இல்லை. ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. முனை வரை ஓடினாள், மேட்டுத் தெருவில் ஏறிப் பார்த்தாள், கீழே சந்தைப் பக்கம் இறங்கிப் பார்த்தாள். நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது, அவ்வளவுதான். வாய் திறந்து கூப்பிடவும் முடியவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் தெரியாதே.

மறுநாள் சாயங்காலம் பெத்ரித் குளிக்காமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தான்.

"நம்ம ஆளு ஒருத்தன் போயிட்டான். லுவான்னு பேரு. எங்களோட இல்ல, வேற எடத்துல வேலை. மூணாவது மாடிச் சாரம். பொண்டாட்டி வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சாம். நேத்து ஊரெல்லாம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடியிருக்கு அந்தப் பொண்ணு. கண்டுபிடிச்சுப் போறப்போ இருட்டிடுச்சாம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் உயிர் போயிருக்கு."

வால்போனா அடுப்பை அணைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"நீ வேணும்னா செஞ்ச? பயந்துட்ட" என்றான் அவன். "என்னைப் பெத்ரோஸ்னு கூப்பிடும்போது நான் திரும்பிப் பார்க்கலையா? எல்லாரும் பயந்துபோயித்தான் கெடக்கோம். யாருகிட்டயும் சொல்லாத. விடு."

அவளால் விட முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று கடைக்குச் சொல்லிவிட்டு, பெத்ரித்திடம் இடம் கேட்டுக்கொண்டு மறுநாள் காலையில் போனாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால், தரைக்குக் கீழே ஓர் அறை. அவள் நாட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்தப் பெண், தலையில் கறுப்புத் துணி. பெயர் ஸானா என்றார்கள். அழுதழுது வீங்கிய கண்ணைத் தூக்கி வந்தவளைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. வால்போனா வாசலோரமாகவே உட்கார்ந்துகொண்டாள்.

உடலை ஊருக்குக் கொண்டுபோக ஆஸ்பத்திரியில் பேசவேண்டும், தூதரகத்தில் பேசவேண்டும், கிரேக்கம் சரளமாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை என்று பேச்சு வந்தது.

"நான் போறேன்" என்றாள் வால்போனா. "எனக்கு நல்லாப் பேச வரும்."

"நல்லாருப்ப அக்கா" என்றாள் ஸானா.

இப்படியாவது ஈடுகட்டிவிடலாம் என்று வால்போனா நம்பினாள். ஸானாவுக்குத் தெரியவேண்டியதில்லை, தெரியாமலே எல்லாம் செய்துகொடுத்துவிடலாம். பேருந்தில் ஸானாவுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாள், வழியில் ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். ஸானா அதைப் பிட்டு மடியிலேயே வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அலுவலகத்துக்கு வெளியே காத்திருந்தபோது, ஒரு நர்ஸ் அவர்களைக் கடந்து போய்விட்டுத் திரும்பி வந்தாள். இறந்தவரின் மனைவியா என்று விசாரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல மனசுக்காரி.

"அன்னிக்கு மத்தியானம் நான்தான் பக்கத்துல இருந்தேன்னு சொல்லுங்க. ரெண்டு மூணு மணிநேரம் நல்லா முழிச்சிருந்தார். ஏதோ பேசினார், எங்க யாருக்கும் புரியல. கையைப் பிடிச்சுக்கிட்டேன். அடிக்கடி, வலியில போல, ஊய, ஊயன்னு முனகினார்."

வால்போனா மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் ஸானா நிமிர்ந்துவிட்டாள். அந்த ஒரு சொல்லுக்கு யாரும் அர்த்தம் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஊய என்றால் அவர்கள் பாஷையில் தண்ணீர்.

"தண்ணி கேட்டிருக்காரு" என்றாள் ஸானா, யாரிடம் என்றில்லாமல்.

நர்ஸ், "என்ன சொல்றாங்க?" என்றாள். வால்போனா சொன்னாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் எப்படியும் தண்ணீர் கொடுத்திருக்கக் கூடாதுதான், உதட்டையாவது நனைத்திருப்பேனே என்று தழுதழுத்துவிட்டு எழுந்து போனாள்.

அப்புறம் உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி தலை நிமிராமல், சட்ட வார்த்தையாகப் போட்டு மடமடவென்று ஒப்பித்தார். வால்போனாவுக்குப் பாதிக்கு மேல் எட்டவில்லை. மனசு அந்தத் தண்ணீரிலேயே கிடந்தது. அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"தென் கதலவேனோ. கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க ஐயா."

ஸானா திரும்பி அவளைப் பார்த்தாள். பார்வை வாயில் நின்றது, பிறகு கண்ணுக்குப் போனது, பிறகு கைக்கு. கட்டைவிரல் நகக்கண்ணில் குண்டூசி ஏறிய இடம் கறுத்திருந்தது. ஸானா எழுந்து வெளியே போய்விட்டாள்.

வால்போனா பின்னாலேயே போனாள். நடையோரத்துப் பெஞ்சில் ஸானா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு நான் கத்துக்கிட்ட கிரேக்கம் அது ஒண்ணுதான்" என்றாள். "கேட்ட எடத்துலயெல்லாம் அதையேதான் சொன்னாங்க. ஆனா உங்க கொரல்ல கேட்டது தனியா நிக்குது. நீங்க அந்தத் தையல்கடையில இருந்தவங்கதானே?"

"ஆமா."

"அப்போ மத்தியானம். வெயில் உச்சியில இருந்துச்சு."

"ஆமா ஸானா."

"அந்த நேரம் அவரு முழிச்சிருந்தாரு."

வால்போனா அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். பயந்துவிட்டேன் என்றாள், வீட்டைப் பற்றிச் சொன்னாள், முக்காலியில் நின்றவளைப் பற்றிச் சொன்னாள், பின்னால் ஓடிவந்து தேடியதைச் சொன்னாள். சொல்லச்சொல்ல ஒவ்வொன்றும் சின்னதாகிக்கொண்டே வந்தது. மன்னித்துவிடு என்று கேட்டாள்.

ஸானா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அன்னிக்கு உங்க கொரலக் கேட்டது நிஜமா, என் பதட்டமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். என் காதுதான் பொய் சொல்லியிருக்கும்னு முடிவு பண்ணிட்டேன். இந்த ஊருல யாருக்கும் நம்ம பாஷை புரியல, அதான் இப்படி ஆயிடுச்சு, யாரு மேலயும் குத்தம் இல்லன்னு சொல்லிச் சொல்லி மனசத் தேத்தி வெச்சிருந்தேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். நீங்க வந்து அதையும் எடுத்துக்கிட்டீங்க."

உள்ளேயிருந்து அதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஸானா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க. நீங்க இல்லாம அவரு சொல்றது எனக்குப் புரியாதே."

அன்றும் மறுநாளும் இருவரும் சேர்ந்தே அலைந்தார்கள். ஸானா கேட்கவேண்டியதைக் கேட்டாள், வால்போனா அதைக் கிரேக்கத்தில் சொன்னாள், பதிலைத் திருப்பிச் சொன்னாள். அதைத் தவிர ஒரு வார்த்தை இருவருக்குமிடையில் இல்லை. அக்கா என்பதும் நின்றுவிட்டது. சவப்பெட்டி ஏற்றிய வண்டி கிளம்பும்போது பெண்கள் ஒவ்வொருவராக ஸானாவைக் கட்டிக்கொண்டார்கள். வால்போனா கடைசியில் நின்றாள். அவள் முறை வருவதற்குள் டிரைவர் கதவைச் சாத்திவிட்டான்.

திங்கட்கிழமை கடைக்குப் போனதும், மிஷினில் உட்காராமல் நின்றபடியே எவாந்தியாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தன் பெயர், மதம், ஊர், அந்தப் பெண் கேட்டது என்ன என்பது எல்லாம். எவாந்தியா பெடலிலிருந்து காலை எடுத்தாள். நூலை அறுத்துத் துணியை ஓரமாக வைத்தாள்.

"நீ அல்பேனியாக்காரின்னு முதல்ல சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியாது" என்றாள். "பொய் சொல்ல மாட்டேன். ஒருவேளை கதவைச் சாத்தியிருப்பேன். ஆனா அன்னிக்கு அந்தப் பொண்ணு என்ன சொன்னான்னு மட்டும் நீ சொல்லியிருந்தா, ஃபோதினியை முக்காலியிலேயே நிக்க வெச்சுட்டு நான் ஓடியிருப்பேன். என் புருஷன் படுத்துக் கெடந்த ஆஸ்பத்திரி, எனக்கு எல்லா நர்ஸையும் தெரியும். எங்கம்மா கதையை உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! போ, போ, போன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தியே. உன் பயத்துல என்னையும் அந்த ரொட்டிக்கடை வரிசையில சிரிச்சவங்களோட நிக்க வெச்சுட்ட."

"நான் வேலையை விட்டு நின்னுடறேன், கிரியா."

"எதுக்கு? நாலு காற்சட்டை கெடக்கு. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். வேலை போகவில்லை, வீடும் போகவில்லை. வீட்டுச் சொந்தக்காரரிடம் எவாந்தியா எதுவும் சொல்லவில்லை, யாராவது கேட்டால் "நல்லாத் தைப்பா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவளை வால்போனா என்றே கூப்பிட்டாள், ஆரம்பத்தில் நாக்கு புரளாமல் கஷ்டப்பட்டு, பிறகு பழகிக்கொண்டு. பொண்ணே என்ற சொல் மட்டும் திரும்பி வரவில்லை. காப்பியைத் தனக்குப் போட்டுக்கொண்டு, "அடுப்புல சூடு இருக்கு, வேணும்னா போட்டுக்கோ" என்பாள். எவ்வளவோ நாள் ஆசைப்பட்ட தன் பெயர் தனக்குக் கிடைத்துவிட்டது என்று வால்போனாவால் சந்தோஷப்பட முடியவில்லை.

ஃபோதினி இரண்டொரு முறை வந்தாள். "இவளை ஏன் என்னமோ பேரு சொல்லிக் கூப்பிடுற?" என்று கேட்டாள்.

"அதுதான் அவ பேரு" என்றாள் எவாந்தியா.

அந்தப் பேச்சு அதோடு நின்றது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பயந்தோம் என்று வால்போனாவுக்கு அப்போது தோன்றியது. எல்லாக் கதவும் இப்படித் திறந்திருக்காது என்றும் தெரியும். இருந்தாலும் தோன்றியது.

அடுத்த வருஷம் வால்போனாவுக்கும் பெத்ரித்துக்கும் காகிதம் கிடைத்து, கோடையில் முதல்முறையாகப் பேருந்தில் முறையாக எல்லை தாண்டி ஊருக்குப் போனார்கள். லூஷ்ன்யாவில் அம்மா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு, வால்போனா பெராத் பக்கம் ஒரு எட்டுப் போய்வருவதாகச் சொன்னாள். பெத்ரித் தடுக்கவில்லை, கூட வரட்டுமா என்று மட்டும் கேட்டான். வேண்டாம் என்றாள்.

விசாரித்து, பெராத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் லுவானின் வீட்டைக் கண்டுபிடித்தாள். அவன் அம்மா முற்றத்தில் அத்திப்பழத்தைப் பாதியாக வகிர்ந்து தட்டியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிரேக்கத்திலிருந்து வந்திருக்கிறேன், ஸானாவைப் பார்க்கவேண்டும் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து கட்டிக்கொண்டாள்.

"ஸானா இங்க இல்லையேம்மா. குளிரு முடிஞ்சதுமே இத்தாலிக்குப் போயிட்டா. அவ மாமன் மக யாரோ அங்க இருக்காளாம். எந்த ஊருன்னு சொன்னா, எனக்கு நாக்குல நிக்கல. போன் எப்பவாவது வரும், கொரல் சரியாக் கேக்காது. பாஷை தெரியாமத் திண்டாடுறாளாம். நீ அவளுக்குச் சிநேகிதியா?"

"தெரியும்" என்றாள் வால்போனா. "அங்க இருந்தப்போ தெரியும்."

"என் மகனைத் தெரியுமா?"

"இல்லம்மா. அவரை நான் பார்த்ததில்ல."

அந்த அம்மாள் தலையாட்டினாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். அங்கே மழை எப்படி, ரொட்டி எப்படி, மனுஷங்க நல்லவங்களா என்று விசாரித்தாள். நல்லவங்கதான் என்றாள் வால்போனா. கிளம்பும்போது, போன வருஷத்து உலர்ந்த அத்திப்பழத்தை ஒரு துணியில் முடிந்து கையில் திணித்தாள்.

"ஸானாவுக்குக் குடுத்துடு. அவளுக்கு இது உசிரு."

"அவ இத்தாலியில இருக்காம்மா. நான் இருக்கிறது கிரேக்கத்துல. நடுவுல கடல் கெடக்கு."

"இருக்கட்டும். ரெண்டும் வெளியூருதானே. எங்கயாவது பார்ப்ப, எடுத்துட்டுப் போ."

வால்போனா அதற்கு மேல் சொல்லிப் புரியவைக்க முயலவில்லை. முடிச்சை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சாலைக்கு இறங்கி, பெராத்துக்குப் போகும் வண்டிக்காக நின்றாள்.